சுழல் தீப்பொறி இடைவெளி: அறிகுறி வாரியாகப் பழுது நீக்கும் வழிமுறை

டெஸ்லா சுருள் என்பது முதன்மைச் சுருள், துணைச் சுருள் என்ற இரண்டைக் கொண்டு, உயர் மின்னழுத்தத்தால் காற்றில் மின்னலை உண்டாக்கும் கருவி; மின்தேக்கியில் சேர்ந்த மின்னூட்டத்தைப் பொறியாக முதன்மைச் சுருளுக்குள் பாயவிடும் சுவிட்சே அதன் தீப்பொறி இடைவெளி. இந்தச் சுருளைக் கட்டும் ஆர்வலர்கள் நிலையான தீப்பொறி இடைவெளியிலிருந்து, சுழலும் தட்டில் மின்முனைகளைப் பதித்த சுழல் இடைவெளிக்கு, அதாவது ரோட்டரி ஸ்பார்க் கேப்புக்கு, மாறிய பிறகு எதிர்கொள்ளும் பழுதுகள் பெரும்பாலும் ஒரே சில வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. மின்சாரப் பழுதுபோலத் தோன்றுகிறவற்றில் பல உண்மையில் இயந்திரப் பழுதுகளே: தளர்ந்த திருகு, நகர்ந்த மின்முனை, சீரற்ற இடைவெளி, குறைந்த வேகம். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறியின் கீழும், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கையாலும் கண்ணாலும் பார்க்கக்கூடியவை முதலிலும், மின்தேக்கி, டிரான்ஸ்பார்மர், மோட்டார் என்று செலவு வைப்பவை கடைசியிலும் வருகின்றன.

எடுத்துக்காட்டுகளுக்காக ஒரே அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்வோம்: நியான் விளக்குகளை எரிக்கும் வகையைச் சேர்ந்த 15 கிலோவோல்ட், 30 மில்லிஆம்பியர் டிரான்ஸ்பார்மர் (நியான் டிரான்ஸ்பார்மர்), 0.15 மைக்ரோஃபாரட், 2000 வோல்ட் மின்தேக்கிகள் பன்னிரண்டைத் தொடராக இணைத்த 12.5 நானோஃபாரட் தொகுதி, கண்ணாடியிழை எப்பாக்சித் தட்டு, டங்ஸ்டன் மின்முனைகள். தட்டோடு சுழல்பவற்றைச் சுழல்முனை என்றும், அசையாமல் நிற்பவற்றை நிலைமுனை என்றும் குறிப்பிடுகிறேன்.

## கை வைப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கி, அதைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள். தட்டு முற்றிலும் நிற்கும்வரை காத்திருந்து, மின்தடை பொருத்திய காப்புக் கோலால் மின்தேக்கித் தொகுதியின் இரு முனைகளையும் இணைத்து வடியுங்கள். பிறகு கம்பியால் நேரடியாகக் குறுக்கிணைத்து, வேலை முடியும்வரை அந்தக் கம்பியை அப்படியே விட்டுவிடுங்கள். டிரான்ஸ்பார்மரின் சுருள் வழியாக மின்தேக்கி தானாகவே வடிந்துவிடும் என்று சிலர் நம்புவதுண்டு. அந்தச் சுருளோ அதற்குச் செல்லும் ஓர் இணைப்போ அறுந்திருந்தால் வடியாது, பழுது பார்க்க நேரும் வேளையோ அப்படி ஏதேனும் அறுந்திருக்க வாய்ப்புள்ள வேளை. தொகுதியின் வெளிமுனைகளில் மின்னழுத்தமே இல்லாதபோதும் உள்ளே இருக்கும் தனித்தனி மின்தேக்கிகள் மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் இணையாக 10 மெகாஓம் மின்தடை இருக்க வேண்டும். அந்த மின்தடை நல்ல நிலையில் இருந்தால் எட்டு விநாடிக்குள் மின்னழுத்தம் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

சாதாரண மல்டிமீட்டரை உயர் மின்னழுத்தப் பக்கத்தில், ஓடும் நிலையில், எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் மல்டிமீட்டர் வரும் இடங்களிலெல்லாம் சுற்று துண்டிக்கப்பட்டு வடிக்கப்பட்டிருக்கிறது என்றே பொருள். காதுக்குக் காப்பும், அறைக்குக் காற்றோட்டமும் தேவை. பொறியிலிருந்து புற ஊதாக் கதிர் வருவதால் அதை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

## அறிகுறி 1: தட்டு அதிர்கிறது, தடதடக்கிறது அல்லது ஓலமிடுகிறது

மற்றப் பழுதுகள் கருவியைக் கெடுக்கும், இது ஆளைக் கெடுக்கும் என்பதால் இதை முதலில் வைத்திருக்கிறேன். மின்முனைகள் 200 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்து, தட்டு நிமிடத்துக்கு 3000 சுற்று சுழன்றால், அவை விநாடிக்கு 31 மீட்டர் வேகத்தில் செல்கின்றன. நட்டோடு சேர்த்து 10 கிராம் எடையுள்ள ஒரு மின்முனை, ஏறக்குறைய 10 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஈடான விசையுடன் வெளிப்புறமாக இழுக்கிறது. வேகத்தை இரு மடங்காக்கினால் அந்த விசை நான்கு மடங்காகி 40 கிலோவைத் தொடும். வேகமாகச் சுழலும் மோட்டார் ஒன்று கையில் கிடைத்துவிட்டது என்பதற்காக அதன் முழு வேகத்தில் ஓட்டத் துடிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

அதிர்வு தொடங்கியவுடன் உயர் மின்னழுத்தத்தை அணைத்து, பிறகு மோட்டாரை அணைத்து, தட்டு தானாக நிற்கும்வரை அருகில் செல்லாதீர்கள். தட்டு சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை. மோட்டாரை அடிப்பலகையோடு பிணைக்கும் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். பிறகு தட்டை மோட்டார் அச்சோடு பிணைக்கும் ஹப்பின் சிறு திருகைப் பாருங்கள். அச்சில் அந்தத் திருகு அமர்வதற்கு ஒரு தட்டைப் பரப்பு அராவப்பட்டிருக்க வேண்டும். உருண்டையான அச்சின் மீது அப்படியே இறுக்கிய திருகு என்றேனும் நழுவியே தீரும். ஹப்பின் விளிம்பிலிருந்து அச்சின் மேல்வரை மெல்லிய பேனாக்கோடு ஒன்றை இழுத்துவையுங்கள்; ஒவ்வொரு மின்முனையின் நட்டிலிருந்து தட்டின் மேற்பரப்புவரையும் அதேபோல ஒரு கோடு. ஓட்டி முடித்தபின் கோடு எங்கே முறிந்து இரண்டாகத் தெரிகிறதோ, அங்கேதான் நழுவல். செலவே இல்லாத இந்தச் சோதனையைப்போல் பயன் தருவது இந்த வேலையில் வேறில்லை.

அடுத்து, மின்முனைகள். வெர்னியர் அளவியால் ஒவ்வொரு சுழல்முனையும் தட்டின் இரு பக்கமும் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். ஒன்றுக்கொன்று கால் மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் திருத்துங்கள். புதிதாகப் பொருத்துவதாக இருந்தால், 0.1 கிராம் காட்டும் தராசில் நட்டோடு சேர்த்து நிறுத்து, எடை ஒத்த இரண்டை எதிரெதிரே வையுங்கள்.

பிறகு, தட்டு. விளக்கைத் தட்டுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். கண்ணாடியிழைத் தட்டு ஒளியை ஓரளவு ஊடுருவவிடும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் அந்த இடம் வெண்திட்டாகத் தெரியும். மின்முனைத் துளைகளிலிருந்து விளிம்பு நோக்கி மயிரிழைபோல ஒரு விரிசல் தெரிந்தாலும் போதும், அந்தத் தட்டு குப்பைக்குரியது; பசை ஊற்றிச் சரிசெய்யும் பேச்சுக்கே இடமில்லை. ஒருமுறை மின்முனையைக் கக்கிய தட்டும் அவ்வாறே. அக்ரிலிக், மரத்தூள் பலகை ஆகியவற்றால் ஆன தட்டு அதிர்ந்தால் காரணம் தேட வேண்டாம். அந்தப் பொருள்கள் இந்த வேலைக்கு ஏற்றவையல்ல.

சமநிலை. தட்டை அதன் அச்சோடு கழற்றி, மட்டம் பார்த்து இணையாக வைத்த இரு நேரான இரும்பு விளிம்புகளின் மேல் உருட்டிவிடுங்கள். கனமான பக்கம் எப்போதும் கீழே வந்து நிற்கும். அந்தப் பக்கத்தில், மின்முனைத் துளைக்கும் விளிம்புக்கும் இடையிலான பகுதியைத் தொடாமல், ஆழமில்லாத குழியாகச் சிறிது சிறிதாகத் துளையிட்டு எடையைக் குறைத்து, எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

கடைசியாக, பேரிங்கும் அச்சும். தட்டைக் கழற்றிவிட்டு அச்சை விரலால் மெதுவாகச் சுழற்றினால் தேய்ந்த பேரிங்கில் மணல் நறநறப்பதுபோல ஓர் உணர்வு கைக்குத் தெரியும். பேரிங்கை மாற்றலாம்; வளைந்த அச்சை நிமிர்த்த முயலாதீர்கள்.

வல்லுநரிடம் செல்ல வேண்டிய இடம். ஹப்பின் துளை அச்சுக்குப் பொருந்தாமல் தட்டு கோணலாகச் சுழன்றால் லேத் பட்டறையில் புதிய ஹப் கடைந்து வாங்குவதே வழி. நிலைச் சமநிலை சரியாக இருந்தும் வேகத்தில் அதிர்ந்தால் ஓட்டச் சமநிலை செய்யும் பட்டறைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எதுவானாலும், மறுபடி ஓட்டும்போது 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிப்புள்ள பாலிகார்பனேட் கூண்டோ, தடித்த ஒட்டுப்பலகைக் கூண்டோ இல்லாமல் ஓட்டாதீர்கள். அக்ரிலிக் கூண்டு அடிபட்டால் தானே கூரிய துண்டுகளாகச் சிதறும்.

## அறிகுறி 2: மோட்டார் சுழல்கிறது, பொறியே விழவில்லை

முதல் கேள்வி: டிரான்ஸ்பார்மருக்குக் குறுக்கே இருந்து, மின்னழுத்தம் மீறும்போது பொறிந்து அதைக் காக்கும் பாதுகாப்பு இடைவெளியில் பொறி விழுகிறதா?

விழுகிறது என்றால் உயர் மின்னழுத்தம் இருக்கிறது. சுழல் இடைவெளிதான் அதை ஏற்கவில்லை. நிலைமுனைக்குச் செல்லும் கம்பியின் இணைப்பைப் பாருங்கள். தட்டைக் கையால் சுழற்றி, சுழல்முனை நிலைமுனைக்கு நேர் எதிரே வருகிறதா, மேலோ கீழோ விலகிச் செல்கிறதா என்று பாருங்கள். பிறகு, தடிப்பு குறித்த மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் ஒவ்வொரு சுழல்முனைக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு 0.5 முதல் 1 மி.மீ. வரை இருக்கலாம். அதற்கும் குறைவாக வைக்க ஆசைப்படுவது வீண். தட்டின் சிறு கோணலே உரசலை உண்டாக்கிவிடும். இவையெல்லாம் சரியாக இருந்து, உங்களுடையது மின்சாரத்தின் அலைவெண்ணோடு பூட்டிக்கொண்டு சுழலும் ஒத்திசைவு மோட்டாரானால், மின்முனைகள் எதிர்ப்படும் கணத்தில் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு அருகில் இருக்கிறது என்று கொள்ளலாம். அறிகுறி 5-இல் உள்ள கட்டத் திருத்தத்துக்கு, அதாவது மின்னலையோடு முனைகள் எதிர்ப்படும் நேரத்தைப் பொருத்தும் வேலைக்கு, செல்லுங்கள்.

விழவில்லை என்றால் ஃபியூஸ், அவசர நிறுத்தப் பொத்தான், காண்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்), வேரியாக் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்பார்மர்) என்ற வரிசையில் தாழ் மின்னழுத்தப் பக்கத்தைப் பாருங்கள். அடுத்து, டிரான்ஸ்பார்மர் எந்த வகை என்று பாருங்கள். பிற்காலத்து நியான் டிரான்ஸ்பார்மர்களில் நிலக்கசிவைக் கண்டவுடன் தானாக அணையும் பாதுகாப்பு உள்ளது. அது டெஸ்லா சுருளோடு ஒத்துழைக்காது. மின்னணு வகை இன்னும் பயனற்றது. இரும்பு உள்ளகமுள்ள பழைய வகைதான் இதற்கு ஏற்றது.

வகை சரியாக இருந்தால், மின்தேக்கியையும் முதன்மைச் சுருளையும் கழற்றிவிட்டு, டிரான்ஸ்பார்மரைப் பாதுகாப்பு இடைவெளியோடு மட்டும் வைத்து, தொலைவிலிருந்து வேரியாக்கால் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். இடைவெளியைச் சற்றே குறைத்து வைத்தால், நல்ல டிரான்ஸ்பார்மர் முழு அழுத்தத்துக்கு வருமுன்பே அதில் பொறி விழும். விழுந்தால் பழுது மின்தேக்கித் தொகுதியில். அதன் ஒரு முனையைச் சுற்றிலிருந்து கழற்றி மல்டிமீட்டரின் மின்தேக்குத் திறன் அளவில் பாருங்கள்: பன்னிரண்டும் நலமாக இருந்தால் 12.5 நானோஃபாரட், ஒன்று குறுக்கிணைந்து போயிருந்தால் 13.6, அதற்கும் மேல் ஏறியிருந்தால் ஒன்றுக்கு மேற்பட்டவை போயின. அளவு குறைந்திருந்தால் ஏதோ ஒன்று உள்ளே எரிந்து திறனை இழந்திருக்கிறது. தனித்தனியே அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

தனித்த டிரான்ஸ்பார்மரிலும் பொறி இல்லையென்றால், அதன் இரு உயர் மின்னழுத்த முனைகளிலிருந்தும் உலோக உறைக்கு உள்ள மின்தடையை அளவிடுங்கள். நடுமுனை உறையோடு இணைந்த வகையில் இரு பாதிகளும் சில ஆயிரம் ஓம்களாக, ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும். ஒரு பாதி அறுந்திருந்தாலோ மிகக் குறைந்திருந்தாலோ அந்த டிரான்ஸ்பார்மரின் கதை முடிந்தது. தாருக்குள் புதைந்த அந்தச் சுருளை வீட்டில் சரிசெய்ய முடியாது. வேறொன்றை வாங்குவதே செலவு குறைவு.

## அறிகுறி 3: இடைவெளியில் பொறி பலமாக விழுகிறது, சுருளின் உச்சியில் மின்னல் குட்டையாக வருகிறது

சுழல் இடைவெளியைக் குறை சொல்லுமுன், துணைச் சுருளின் அடிமுனை தனி நிலத்தொடர்போடு இறுக்கமாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்; பிறகு முதன்மைச் சுருளின் இணைப்புப் புள்ளியை அரைச் சுற்று அரைச் சுற்றாக நகர்த்திப் பாருங்கள். துணைச் சுருளின் உச்சியில் உள்ள உலோக வளையத்தைப் பெரிதாக மாற்றியிருந்தால் முதன்மைச் சுருளில் கூடுதல் சுற்று தேவைப்படும்.

அதன் பிறகும் குட்டையாகவே இருந்தால், ஓட்டி முடித்து மின்தேக்கியை வடித்தபின் சுழல்முனைகளின் நுனிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பொறியை ஏற்கும் நுனி, மணற்தாள் தேய்த்ததுபோல மங்கிய வெள்ளி நிறத்தில் பொறுக்குப் பொறுக்காக இருக்கும்; ஏற்காத நுனியில் அரைத்தபோது விழுந்த கோடுகள் அப்படியே தெரியும், சில வேளை அதன்மேல் கரும்பழுப்புப் படலம் படிந்திருக்கும். எட்டில் மூன்று நுனிகள் இப்படிப் புதிதாகவே இருந்தால், அந்த மூன்றின் இடைவெளி மற்றவற்றைவிட அதிகம் என்றே பெரும்பாலும் தெரியவரும்.

எல்லா நுனிகளும் வேலை செய்திருந்தால் பொறி எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். எட்டு சுழல்முனைகள், நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் விநாடிக்கு 400 பொறி. மேலே சொன்ன டிரான்ஸ்பார்மரின் திறன் 450 வோல்ட்-ஆம்பியர். ஒரு பொறிக்கு அதிகம் போனால் 1.1 ஜூல்தான் கிடைக்கும். 12.5 நானோஃபாரட் மின்தேக்கி 21 கிலோவோல்ட் உச்சம்வரை நிரம்பினால் ஏறக்குறைய 2.8 ஜூலைக் கொள்ளும். அது நிரம்பவே அவகாசம் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு சுழல்முனைகளைக் கழற்றினால் சமநிலை கெடாமலே பொறி 200 ஆகக் குறையும்; மின்னல் நீள்வதை உடனே காணலாம். சிறிய டிரான்ஸ்பார்மருக்கு அதிகப் பொறி நல்லதென்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; சத்தம்தான் அதிகமாகிறது.

மின்முனைகளின் தடிமனும் ஒரு காரணம். 6 மி.மீ. தடிப்புள்ள இரண்டு முனைகள், விநாடிக்கு 31 மீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று முழுதாகக் கடக்க ஏறக்குறைய 0.4 மில்லிவிநாடி ஆகிறது. அதற்குள் அணைந்த பொறி மறுபடி பற்றிக்கொள்ளலாம். 3 மி.மீ. முனைகளுக்கு மாறினால் அந்த நேரம் பாதியாகும், வெப்பமோ கூடும். அறிகுறி 7-ஐயும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

## அறிகுறி 4: பொறி வெடிக்காமல், மஞ்சள் சுடராகத் தொடர்ந்து எரிகிறது

நல்ல பொறி நீல வெண்மையாக, சாட்டையடிபோல் வெடித்து அணையும். மஞ்சள் சுடர் என்றால், டிரான்ஸ்பார்மரின் மின்னோட்டம் நேராக இடைவெளி வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே அணையுங்கள்.

பெரும்பாலும் காரணம் வரிசை மாறியதுதான்: மோட்டார் முழு வேகத்தை எட்டியபின் உயர் மின்னழுத்தம் வர வேண்டும், நிறுத்தும்போது உயர் மின்னழுத்தம் முதலில் போக வேண்டும். இதை மனிதனின் நினைவாற்றலுக்கு விடாமல், மோட்டார் சுவிட்ச் போடப்படாத நிலையில் உயர் மின்னழுத்தக் காண்டாக்டர் இயங்காதபடி இணைத்துவிடுவது நல்லது. வரிசை சரியாக இருந்தும் சுடர் எரிந்தால் மோட்டாரின் வேகக் குறைவு, மிகக் குறுகிய இடைவெளி, செஞ்சூடாகிவிட்ட முனை என்ற வரிசையில் பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்பார்மரையோ மின்பகிர்வு டிரான்ஸ்பார்மரையோ பயன்படுத்துகிறவர்களுக்குக் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சுருளான கட்டுப்பாட்டுச் சோக் போதாமை முதல் ஐயமாக இருக்க வேண்டும். அவை நியான் டிரான்ஸ்பார்மரைப்போல மின்னோட்டத்தைச் சிறு அளவில் தாங்களாகக் கட்டுப்படுத்துவதில்லை. அந்த அளவு ஆற்றலில் தாழ் மின்னழுத்தப் பக்கத்தை உரிமம் பெற்ற மின்பணியாளரே அமைக்க வேண்டும்.

## அறிகுறி 5: ஒத்திசைவு இடைவெளியின் ஒலி சீராக இல்லை, ஏறி இறங்குகிறது

ஒத்திசைவு மோட்டார் உண்மையிலேயே ஒத்திசைவில் இருக்கிறதா என்பதை, உயர் மின்னழுத்தம் இல்லாமலே அறியலாம். தட்டில் மையத்திலிருந்து விளிம்புவரை வெள்ளைக்கோடு ஒன்று வரைந்து, அறையை இருட்டாக்கி, அதே மின்வழியில் எரியும் நியான் காட்டிவிளக்கைத் தட்டின் அருகே பிடியுங்கள். எல்இடி விளக்குகளில் பல சிமிட்டாமல் எரிவதால் அவற்றை நம்ப முடியாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நியான் விளக்கு விநாடிக்கு 100 முறை சிமிட்டும். நான்கு துருவ ஒத்திசைவு மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழல்வதால், அசையாத நான்கு கோடுகள் சிலுவைபோல் தெரியும். இரு துருவ மோட்டார் 3000 சுற்று சுழல்வதால் இரண்டு கோடுகள். 60 ஹெர்ட்ஸில் வேகம் 1800, 3600 என்று மாறினாலும் கோடுகளின் எண்ணிக்கை மாறாது.

கோடுகள் சுழற்சிக்கு எதிர்த்திசையில் தொடர்ந்து நகர்ந்தால் மோட்டார் ஒத்திசைவுக்கே வரவில்லை. அது சாதாரணத் தூண்டல் மோட்டாராகவே இருக்கலாம். அத்தகைய நான்கு துருவ மோட்டார் 1500-ஐ எட்டாமல் 1440 போன்ற வேகத்தில் நின்றுவிடும். மோட்டாரைச் சுருளின் வேரியாக்கிலிருந்தே இயக்குகிறீர்களா என்றும் பாருங்கள். மோட்டாருக்குத் தனி வழியில் முழு மின்னழுத்தம் வேண்டும். அடுத்து மோட்டாரின் மின்தேக்கியை அளந்து, உறையில் அச்சிட்ட அளவைவிட நூற்றில் பத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றுங்கள். அதுவும் சரியென்றால் தட்டு மோட்டாரின் சக்திக்கு மீறியது. தட்டைச் சிறிதாக்குவது மோட்டாரைப் பெரிதாக்குவதைவிட எளிது. தூண்டல் மோட்டாரின் சுழலியில் தட்டைப் பரப்புகளை அராவி ஒத்திசைவு மோட்டாராக மாற்றியிருந்தால், அந்தப் பரப்புகளின் எண்ணிக்கை துருவங்களின் எண்ணிக்கைக்குச் சமமாக, சம இடைவெளியில் இருக்க வேண்டும். அவற்றைத் திரும்ப அகலமாக்குவது மோட்டார் பட்டறையில் செய்ய வேண்டிய வேலை.

கோடுகள் நின்றபடி முன்னும் பின்னும் ஆடினால் மோட்டார் பூட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் விளிம்பில் நிற்கிறது. ஹப் தளர்வு, பேரிங் இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள்.

கோடுகள் ஆடாமல் நின்றும் சுருள் சரியாக ஓடாவிட்டால் கட்டம் தவறாக இருக்கிறது. மோட்டார் உடலை அதன் தொட்டிலில் திருப்பக்கூடியதாக அமைத்திருந்தால் வேலை எளிது. நான்கு துருவ மோட்டாரில் உடலை 1 பாகை திருப்பினால் மின் கட்டம் 2 பாகை நகரும். ஆகவே 90 பாகைக்குள் எல்லா நிலைகளும் அடங்கிவிடும். மின்சாரத்தைத் துண்டித்து ஒரு தடவைக்கு 5 பாகை திருப்பி, வேரியாக்கைத் தாழ்வாக வைத்து ஓட்டி, தாழ் மின்னழுத்தப் பக்க மின்னோட்டத்தையும் மின்னலின் நீளத்தையும் குறித்துக்கொண்டே செல்லுங்கள். மின்னோட்டம் குறைந்து, மின்னல் நீண்டு, பாதுகாப்பு இடைவெளி அமைதியாக இருக்கும் நிலையே உங்கள் நிலை. அங்கே உடலை இறுக்கி, தொட்டிலிலும் உடலிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

## அறிகுறி 6: பாதுகாப்பு இடைவெளி ஓயாமல் பொறிகிறது

முதலில் அதன் தூரத்தைச் சரிபாருங்கள். டிரான்ஸ்பார்மரோடு அது மட்டும் இணைந்திருக்கும்போது, முழு மின்னழுத்தத்தில் பொறி விழாத மிகக் குறைந்த தூரமே சரியான தூரம். அதற்கும் கீழே வைத்திருந்தால் திருத்துங்கள். சரியான தூரத்திலும் பொறிந்தால், சத்தம் பிடிக்கவில்லை என்று அதை அகலப்படுத்தவே கூடாது. டிரான்ஸ்பார்மர் சாகாமல் காப்பது அதுதான். சுழல் இடைவெளி நேரத்துக்கு மின்தேக்கியை வடிக்காததால்தான் மின்னழுத்தம் மீறுகிறது. தேய்ந்து அகன்ற முனைகள், குறைந்த வேகம், கட்டப் பிழை ஆகியவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

எல்லாம் சரியென்றால் மின்தேக்கியின் அளவைச் சந்தேகியுங்கள். 15 கிலோவோல்ட், 30 மில்லிஆம்பியர் டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6.4 நானோஃபாரடோடும், 60 ஹெர்ட்ஸில் 5.3 நானோஃபாரடோடும் ஒத்ததிர்கிறது. அந்த அளவுக்கு அருகே மின்தேக்கி வைத்தால் மின்னழுத்தம் பெயர்ப்பலகையில் உள்ளதைத் தாண்டி ஏறும். ஒத்திசைவு இடைவெளிக்கு அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு வைப்பது வழக்கம். ஒத்திசைவில்லாத சுழல் இடைவெளியையும் நியான் டிரான்ஸ்பார்மரையும் ஒன்றாக இணைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தக் கூட்டணியில் எல்லாம் சரியாக அமைந்தபோதும் டிரான்ஸ்பார்மரின் ஆயுள் குறைவே.

## அறிகுறி 7: மின்முனைகள் செஞ்சூடாகின்றன, விரைவில் தேய்கின்றன

நிலைமுனைகளே முதலில் சூடாகும். ஏனெனில் எட்டு சுழல்முனைகள் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒவ்வொரு நிலைமுனையும் எல்லாப் பொறிகளையும் வாங்குகிறது. முனையைப் பிடிக்கும் பித்தளைப் பிடியின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிடி கருத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் தளர்வு அங்கேதான். பிடியைப் பெரிய பித்தளை அல்லது செம்புக் கட்டியாக மாற்றி, காற்றை வீசும் சிறு ஊதுவிசிறி ஒன்றை வைத்தால் பெரும்பாலான வெப்பத் தொல்லைகள் தீர்ந்துவிடும். அகச்சிவப்பு வெப்பமானியை மினுமினுக்கும் பித்தளைமேல் காட்டினால் உண்மையைவிடக் குறைத்தே சொல்லும். கறுப்பு வண்ணப் பொட்டு ஒன்று வைத்து அதன்மேல் அளவிடுங்கள்.

முனையைச் சுற்றி மஞ்சள் தூள் படிந்திருந்தால் அது டங்ஸ்டன் ஆக்சைடு. முனை அளவுமீறிச் சூடானதற்குச் சான்று. வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். இரும்பு போல்ட்டுகளை முனையாக வைத்திருந்தால் அவை சோதனை ஓட்டத்துக்கு மட்டுமே ஆகும். டங்ஸ்டன் வெல்டிங் கம்பி வாங்கும்போது சிவப்பு அடையாளமுள்ள தோரியம் கலந்த வகையைத் தவிருங்கள். அதை அரைக்கும்போது எழும் தூள் கதிரியக்கமுடையது. லாந்தனம் கலந்த வகை அதே வேலையைச் செய்யும்.

## அறிகுறி 8: பொறி தட்டின்மேல் ஊர்கிறது, அச்சுக்குத் தாவுகிறது, மோட்டாரோ ஆர்சிடியோ தகராறு செய்கிறது

அறையை இருட்டாக்கி, தட்டு தெரியும்படி கேமராவை நிறுத்தி, தொலைவிலிருந்து சில விநாடி மட்டும் ஓட்டிப் படமெடுங்கள். நேரில் குனிந்து பார்ப்பதைவிடப் பதிவில் தெளிவாகத் தெரியும். முனையிலிருந்து மையம் நோக்கி நீல இழைகள் ஓடினால், மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் தட்டைத் துடைத்து, அது முழுதாக ஆவியாகும்வரை காத்திருந்து மறுபடி பாருங்கள். உலோகத் தூளும் ஈரமும் மட்டுமே காரணமாக இருந்தால் இதோடு தீரும்.

துடைத்தும் போகாத, வேர்போலக் கிளைத்த கருங்கோடு தெரிந்தால் அது கரித்தடம். சுரண்டினால் சிறிது காலம் தாங்கும், மறுபடி அதே வழியில் ஊரும். தட்டை மாற்றுவதே தீர்வு. புதிய தட்டில் முனைகளின் வட்டத்துக்கும் உலோக ஹப்புக்கும் இடையே பல சென்டிமீட்டர் வெற்று இடம் விடுங்கள். இடம் போதாதென்றால் ஹப்பையே காப்புப் பொருளில் கடைந்து வாங்குங்கள்.

பொறி ஒருமுறை அச்சுக்குப் பாய்ந்திருந்தால் பேரிங்கிலும் சுருளிலும் சேதம் இருக்கக்கூடும். மோட்டாரைச் சுற்றிலிருந்து கழற்றி, 500 வோல்ட் காப்புச் சோதனைக் கருவியால் சுருளுக்கும் உடலுக்கும் இடையே அளவிடுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் மோட்டார் சுருள் கட்டும் பட்டறைக்குப் போக வேண்டும். அளவு நன்றாக இருந்தும் ஆர்சிடி (நிலக்கசிவைக் கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால், மோட்டார் மட்டும், மோட்டாரும் மின்வழியில் இரைச்சலைத் தடுக்கும் மின்வடிகட்டியும், பிறகு அனைத்தும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வடிகட்டியைச் சேர்த்தவுடன் விழுந்தால், அதன் உள்ளே நிலத்தொடர்புக்குச் செல்லும் மின்தேக்கிகளின் கசிவே காரணமாக இருக்கக்கூடும். அனைத்தும் சேர்ந்தபின் விழுந்தால், துணைச் சுருளின் அடிமுனை வீட்டு எர்த்தோடு எங்கேனும் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஆர்சிடியைத் தாண்டிக் கம்பி இழுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். எழுதிய குறிப்போடு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். எந்த இணைப்பில் விழுந்தது, விழ எத்தனை விநாடி ஆனது, அப்போது உயர் மின்னழுத்தம் இருந்ததா என்ற மூன்றும் குறிப்பில் இருந்தால், அவர் சுவரைத் திறக்காமலே பாதி இடங்களைக் கழித்துவிடுவார்.